ஐம்பது நிமிடம் வைஃபை, பத்து நிமிடம் இன்டர்வெல்

டிசம்பர் 2

இல்லை, கல்லூரியிலிருந்து கோபித்துக்கொண்டு வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, வந்துவிட்டேன். மூன்று செமஸ்டர் கௌரவ விரிவுரையாளர், அதற்குப் பிறகு ஒரு காபிக்கடையின் கவுண்டர். இதில் விளக்க என்ன இருக்கிறது.

விளக்க வேண்டியது கடையைத்தான். பெயர் 'இரண்டாம் டம்ளர்'. கோவை சாயிபாபா காலனியில், பிரதான சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. எட்டு மேஜைகள். காலை ஒன்பதுக்கெல்லாம் எட்டிலும் லேப்டாப். ஒரு காபி, ஆறு மணி நேரம். குடும்பத்தோடு வருகிறவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பியவர்கள் இணையத்தில் எழுதுகிறார்கள்.

முதலாளி கலாமணி அக்கா அந்தக் கருத்துகளை வாசித்துக் காட்டச் சொன்னார். கண்ணாடியைக் காணோம் என்றார். நெற்றிக்கு மேல் இருந்தது.

"காபி அருமை. உட்கார இடமில்லை. இரண்டு நட்சத்திரம்."

"கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல் ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் கால்மணி நேரம் நின்றேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை."

"வைஃபை மெதுவாக இருக்கிறது." இவர் இதை ஐந்தாம் மேஜையில் உட்கார்ந்தபடியே எழுதியிருக்கிறார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

மொத்தம் 3.6.

டிசம்பர் 4

பேருந்தில் ஒரு யோசனை தோன்றியது. காந்திபுரம் வருவதற்குள் முழுதாகிவிட்டது. இறங்கி ஏறக்குறைய ஓடினேன்.

"வைஃபையப் புடுங்கிட்டா இவிங்க எல்லாம் போயிருவாங்க கண்ணு," என்றார் அக்கா. "அப்பறம் கடை காலியாத் தெரியும். காலிக் கடைக்குள்ள யாரு வருவா?"

"புடுங்க வேண்டாங்க்கா. இன்டர்வெல் விடலாம்."

ஐம்பது நிமிடம் வைஃபை ஓடும். பத்து நிமிடம் நிற்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில். யாரையும் எழுந்திரு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் சிலர் கிளம்புவார்கள், சிலர் இன்னொரு காபி சொல்வார்கள், சிலர் தலையை நிமிர்த்துவார்கள்.

"காலேஜு பீரியடு மாதிரியா?"

"ஆமாங்க்கா."

உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்த தாமோதரண்ணன், "அப்ப லேட்டா வந்தா வெளிய முட்டி போட வெப்பீங்களா அம்மணி?" என்றார். இந்தக் கடையின் காபி அவர் கைதான். அதனால் எதையும் சொல்லலாம்.

அக்கா எட்டு மேஜைகளையும் ஒரு பார்வை பார்த்தார். "பொங்கலுக்குக் கடை சாத்தற வரைக்கும் டைமு. அன்னைக்கு நாலு ஸ்டார் இருந்தா உன்ர இன்டர்வெல் இருக்கும். இல்லீனா பலகையக் கழட்டிரோணும். அப்பறம் அதப் பத்திப் பேச்சே எடுக்கப்படாது."

கல்லூரியில் நான் சொன்ன எதுவும் ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை. இங்கே நாற்பது நாள்.

டிசம்பர் 8

முதல் நாள். பலகையில் என் கையெழுத்து: 'ஐம்பது நிமிடம் வைஃபை. பத்து நிமிடம் மனிதர்கள்.'

9.50க்குத் தாமோதரண்ணன் டபராவில் கரண்டியால் மூன்று தட்டு தட்டினார். நான் சுவிட்சை அணைத்தேன்.

எட்டு தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அப்படி ஒரு காட்சியை எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

ஐந்தாம் மேஜைக்காரர் முதலில் வந்தார். "ஏங்க, நெட்டு போயிருச்சு."

"போகலைங்க. இன்டர்வெல்."

"என்னது?"

பலகையைக் காட்டினேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். "நாங்க அப்ப இதுவரைக்கும் மனுசங்க இல்லீங்களா?" என்றார்.

நல்ல கேள்வி. பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

டிசம்பர் 9

3.4.

டிசம்பர் 11

கோபம் கொட்டுகிறது. "இது கடையா, மத்தியச் சிறையா?" "ப்ளஸ் டூ பரீட்சை ஹாலில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை." "காபி சூடு. உபசரிப்பு ஆறிப்போனது."

கடைசி வரி எனக்குப் பிடித்துவிட்டது. கடையின் பெயரில் பதில் எழுதினேன்: 'உவமை நன்று. வாதம் சுருக்கம். சிறை ஒப்பீட்டைவிட மேல். 10க்கு 7.'

எழுதிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. விடைத்தாள் திருத்தும் கை. மூன்று செமஸ்டரில் இரண்டாயிரம் தாள். பழக்கம் விட்டுப்போகவில்லை. அழிக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் நாற்பது பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன். சிறைக்காரருக்கு 3. 'மிகைப்படுத்தல். சிறையில் இரண்டாவது காபி தரமாட்டார்கள்.'

டிசம்பர் 14

மதிப்பெண் வாங்குவதற்காகவே வருகிறார்கள். பீளமேட்டிலிருந்து நான்கு கல்லூரிப் பெண்கள். குடித்தார்கள், எழுதினார்கள், கவுண்டருக்கு வந்தார்கள். "மேம், திருத்திட்டீங்களா?"

"கொஞ்சம் பொறுங்க."

"இவளுக்கு மட்டும் எட்டு, எனக்கு ஆறா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான மேம் எழுதினோம்."

"அதனாலதான் ஆறு."

கடை முழுக்கச் சிரித்தது. லேப்டாப்காரர்களும்.

சம்பத் சார் என்று ஒருவர் வருகிறார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லேப்டாப் கிடையாது, வைஃபை தேவையில்லை. இன்டர்வெல்லுக்காக வருகிறார். கையில் கடிகாரம். டபராவின் முதல் தட்டு விழும்போது மணிக்கட்டைப் பார்ப்பார், தலையசைப்பார். பிறகு பக்கத்து மேஜைப் பையனிடம் நாற்காலியைத் திருப்பிக்கொள்வார். இன்று அவர் எழுதியது: "நேரம் தவறாமை. இந்த ஊரில் காணக் கிடைக்காதது. ஐந்து நட்சத்திரம்."

9 போட்டேன்.

டிசம்பர் 18

மதியத்துக்குள் இருபத்தாறு புதியவர்கள். மூன்று குடும்பங்களுக்கு உடனே மேஜை கிடைத்தது.

11.52க்கு, இன்டர்வெல் நடுவில், அடர்நீலச் சுடிதார் அணிந்த ஒரு பெண் கவுண்டருக்கு ஓடி வந்து, அஞ்சே நிமிஷம் போட்டுவிடுங்க என்றாள். பலகையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டேதான் காட்டினேன்.

புது டபரா வாங்க வேண்டும். பழையது தட்டித் தட்டி நெளிந்துவிட்டது.

டிசம்பர் 20

தூக்கம் வரவில்லை என்பது இத்தனை இனிமையாக இருக்கும் என்று தெரியாது. காலை ஐந்துக்கே எழுந்து இதை எழுதுகிறேன்.

நேற்று இரண்டு பேர், மூன்று மாதமாக அடுத்தடுத்த மேஜையில் முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள், இன்டர்வெல்லில் பேசி, ஒரே நிறுவனத்துக்குத்தான் இருவரும் வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஒருவர் அனுப்பும் அஞ்சலுக்கு மற்றவர்தான் தினமும் பதில் போடுகிறாராம். "நீங்கதானா அது," என்று ஒருவர் சொன்னார். "நீங்கதானா," என்றார் மற்றவர். சண்டை வரும் என்று நினைத்தேன். பஜ்ஜி சொன்னார்கள்.

ஐந்தாம் மேஜைக்காரர் தன் ஒரு நட்சத்திரத்தை மூன்றாக மாற்றியிருக்கிறார். காரணம்: "கழுத்து வலி குறைந்திருக்கிறது."

3.7. நான் சொன்ன ஒன்று நிற்கிறது. பன்னிரண்டு நாளாக நிற்கிறது.

டிசம்பர் 22

இன்று திருத்தியவை பதினொன்று. பெரும்பாலும் ஆறு, ஏழு. ஒருவர் வெண்பாவில் முயன்றிருந்தார், தளை தட்டியது, முயற்சிக்காக 8. யாரோ சுகந்தி என்ற பெண், நேர்முகத் தேர்வு பாதியில் நின்றுபோனது என்று நீளமாக, ஒரு நட்சத்திரம். 'உணர்ச்சி மிகுதி. ஆதாரம் இல்லை. பலகையை முன்பே வாசித்திருக்கலாம். 10க்கு 4.'

மாலையில் கூட்டம். பால் தீர்ந்துபோய் அண்ணன் ஓடினார்.

டிசம்பர் 27

3.8. அண்ணனுக்குச் சொன்னேன். "நாலு வந்தா எனக்கு எத்தனை மார்க் அம்மணி?" என்றார். பத்து என்றேன். "பத்துக்குங்களா, நூத்துக்குங்களா?"

டிசம்பர் 31

ஒரு வரி. சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜனவரி 3

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே எல்லாவற்றையும் வாசித்தார். வரிசையாக. சிரித்தார், தலையில் அடித்துக்கொண்டார், ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு, இந்த நாலு மார்க் புள்ளயத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க்கா."

"பதினெட்டாந்தேதி பதினொண்ணு அம்பதுன்னு எழுதியிருக்கா. கவுண்டர்ல இருந்த பொண்ணு பலகையக் காட்டுனாங்கறா. கவுண்டர்ல நீதான இருந்த?"

"தினமும் அம்பது பேர் வர்றாங்கக்கா."

அக்கா அடுத்த கருத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து டிசம்பர் 18 பக்கத்தைப் புரட்டினேன். சுடிதாரின் நிறம்கூட எழுதியிருக்கிறேன். டபரா வாங்க வேண்டும் என்பதற்கு மேலே, இரண்டு அங்குலத்தில்.

அவள் எழுதியதை இப்போதுதான் முழுதாக வாசித்தேன். "ஐந்து நிமிடம் கேட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தபோது நேர்முகத் தேர்வின் அழைப்பை அவர்கள் பக்கம் முடித்துவிட்டார்கள். பிறகு எடுக்கவில்லை. காபியை நான் குடிக்கவும் இல்லை." தேதியும் பலகையும் சேர்த்தும் இவ்வளவுதான். நீளம் என்று சொல்லியிருந்தேன். நான்கு வரி.

ஆதாரம் இல்லை என்றும் எழுதியிருந்தேன். ஆதாரம் நான்தான்.

ஜனவரி 4

மதிப்பெண்ணை அழித்தேன். அந்த இடத்தில்: 'அன்று கவுண்டரில் இருந்தவள் நான். தவறு என்னுடையது. யாமினி.' கடையின் தொலைபேசி எண்ணையும் சேர்த்தேன்.

மற்ற பதில்களிலும் இனி மதிப்பெண் இல்லை. காரணம் கேட்கிறார்கள். தேர்வு முடிந்தது என்று சொல்கிறேன்.

ஜனவரி 6

சுகந்தி அழைத்தாள். கடைக்குப் பின்னால், காலி சிலிண்டர்கள் பக்கத்தில் நின்று பேசினேன். பேசினேன் என்ன, கேட்டேன்.

"அக்கா, நீங்க அழிச்சிட்டீங்க. எங்க மாமா பையன் அதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்புல போட்டுட்டான். எங்க ஊட்ல இப்ப எம்பேரு நாலு மார்க்கு. 'நாலு மார்க்கு, தண்ணி கொண்டா'ங்கறான்."

"தப்புதாங்க."

"வேலை போனது கூடப் பரவால்லீங்க. அதுல என்ர தப்பும் இருக்கும், பலகையப் படிக்கல. ஆனா நீங்க சிரிச்சீங்க பாருங்க."

சிலிண்டரில் துரு. விரலால் சுரண்டினேன்.

அன்னூருக்கு உள்ளே ஒரு ஊர். அங்கே டவர் ஒரு கோடுதான், சில நேரம் அதுவும் இல்லை. 12ஆம் தேதி இன்னொரு நிறுவனத்தில் நேர்முகம். காலை 10.30.

"எங்கெங்கயோ போய்ப் பாத்தேன். சொல்லக் கூடாது, உங்க கடையிலதான் வைஃபை அறுந்து அறுந்து வர்றதில்ல. நீங்களா அறுத்தாத்தான்."

"வாங்க. அன்னைக்கு அறுக்க மாட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லீராதீங்க. எனக்காகன்னு தெரிஞ்சா மறுபடியும் குரூப்புக்கு வந்துரும்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஜனவரி 7

10.50க்கு இன்டர்வெல். அவள் நேர்முகம் அப்போது நடுவில் இருக்கும். ஒரே சுவிட்ச். ஒரு மேஜைக்கு மட்டும் விட்டுவைக்க வழியில்லை. அவளுக்காக என்றால் எல்லோருக்கும்தான்.

ஜனவரி 10

4.0.

காலை 8.15க்குப் பார்த்தேன். மறுபடி திறந்து பார்த்தேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். அக்கா நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அட, வந்திருச்சே," என்றார். அந்த 'அட'வை ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இன்டர்வெல்லில் சம்பத் சார் எழுந்து நின்று எல்லோருக்கும் அறிவித்தார், அடுத்த நிறுத்தத்தை அறிவிப்பதுபோல. கை தட்டினார்கள். ஐந்தாம் மேஜைக்காரர் இரண்டு முறை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவரிடமிருந்து அது நிறைய.

அக்கா சொன்னார்: "பலகைய இனி பெயின்ட்ல எழுதிக்கலாம் கண்ணு. சாக்பீஸ் வேண்டாம்."

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். இரண்டு பேருக்கு மாற்றிக் காபி கொடுத்தேன்.

ஜனவரி 12

நேரப்படி எழுதுகிறேன், இல்லையென்றால் குழம்பிவிடும்.

அக்கா பொங்கல் சாமான் வாங்க டவுன்ஹால் போய்விட்டார். அண்ணனிடம் மட்டும், 10.50க்குத் தட்ட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். "நாளைக்கும் சொல்ல மாட்டீங்க, மூஞ்சியிலயே தெரியுது," என்று பாலைக் கிளறப் போய்விட்டார்.

10.10. சுகந்தி வந்தாள். கடைசி மேஜை, சுவரைப் பார்த்து. காபி வேண்டாம் என்றாள். தண்ணீர் வைத்தேன்.

10.30. தொடங்கியது. எனக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நேராக இருந்தது.

10.50. டபரா ஒலிக்கவில்லை. சம்பத் சார் மணிக்கட்டைப் பார்த்தார். காதில் வைத்தும் பார்த்தார். எழுந்து வந்தார்.

"ஏம்மா, பத்து அம்பத்தொண்ணு."

"இன்னைக்கு இந்த ஒண்ணு மட்டும் இல்லைங்க சார்."

"ஏன் இல்லை?"

"இல்லைங்க சார்."

"இல்லேன்னா ஒரு காரணம் இருக்கும்ல. இருபத்தெட்டு வருஷம் கொடி காட்டுனவன் நான். மந்திரி வீட்டு ஆளு பின்னாடி ஓடி வர்றார்னு சொன்னாங்க, அப்பவும் வண்டிய நிறுத்தல."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்."

ஐந்தாம் மேஜைக்காரரும் வந்துவிட்டார். "ஏங்க, இன்டர்வெல் விடலீங்களா? நான் கழுத்த நிமித்தி வெச்சுட்டு உக்காந்திருக்கறேன்." ஒரு மாதத்துக்கு முன் இதே இடத்தில் நின்று நெட்டு போயிருச்சு என்றவர்.

"நெட் இருக்கில்லீங்க, வேலையப் பாருங்க," என்றேன்.

"அதுக்கில்லீங்க. அவிங்கவிங்க ஒரு இதுல இருக்கோமில்ல."

சுகந்தியின் முதுகு அசைந்தது. சத்தம் எட்டியிருக்க வேண்டும். நான் உதட்டில் விரலை வைத்தேன். வகுப்பில் செய்வதுபோல. எல்லோரும் உட்கார்ந்தார்கள், வகுப்பில் உட்கார்வதுபோல, மனமில்லாமல். சம்பத் சார் கைபேசியை எடுத்துக் குனிந்து ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன எழுதுகிறார் என்று தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவர் நிறுத்திவிடுவார் என்றும் தெரிந்தது. நல்ல மனிதர். காரணம் தெரிந்தால் தானே வாசலில் நின்று யாரையும் பேச விடாமல் காவல் காத்திருப்பார்.

சொல்லவில்லை.

11.14. முடிந்தது. சுகந்தி கவுண்டருக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எப்படிங்க?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு எடத்துல சிரிச்சாங்க, நல்ல சிரிப்புத்தான். பத்து நாள்ல சொல்றேன்னாங்க." பிறகு, "இப்ப ஒரு காபி குடுங்க. சூடா."

அண்ணன் போட்டார். நின்றபடியே குடித்தாள், ஒரு சொட்டு விடாமல். டம்ளரை வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள்.

"நான் குடுத்த அந்த ஒரு ஸ்டார அழிச்சறட்டுங்களா அக்கா?"

அதற்குள் சம்பத் சார் எழுதியதைப் பார்த்துவிட்டேன். "ஐந்து கொடுத்திருந்தேன். திரும்பப் பெறுகிறேன். விதி எல்லோருக்கும் ஒன்று என்று நம்பினேன். இன்று யாருக்காகவோ மாறியது. காரணமும் சொல்லப்படவில்லை. ஒரு நட்சத்திரம்." மேலே, 3.9. அவளுடையது ஒன்று போனால் திரும்ப 4.0 வரும். கணக்குப் போடவே தேவையில்லை, அத்தனை நூலிழையில் நிற்கிறது.

அவள் விரல் திரைக்கு மேல் இருந்தது.

"வேண்டாங்க," என்றேன். "நடந்ததுதான அது."

"நெசமாவா?"

"நெசமா."

அவளை அன்னூர் பேருந்துக்கு அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது உட்கார முடியவில்லை. பயம் என்று நினைத்தேன். பயமாகத் தெரியவில்லை. நாலு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும்.

11.50க்கு அண்ணனிடம் தட்டச் சொன்னேன். மூன்று தட்டு. சம்பத் சார் மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

ஜனவரி 13

கடை நான்கு மணி வரைதான். அக்கா கல்லாவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"மூணு புள்ளி ஒம்போது."

"ஆமாங்க்கா."

"நேத்து என்ன ஆச்சுன்னு தாமோதரன் சொல்ல மாட்டேங்கறான். சம்பத் சார் இப்படி எழுதியிருக்காரு. நீ எல்லாத்துக்கும் பதில் எழுதுவியே. இதுக்கு ஏன் எழுதல?"

"எழுத ஒண்ணுமில்லீங்க்கா."

என்னைப் பார்த்தார். திரையைத் தள்ளி அந்த நாலு மார்க் கருத்துக்குப் போனார், அதற்குக் கீழே இருந்த என் பெயரைப் பார்த்தார், கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தார். எவ்வளவு தெரியும் அவருக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

"சொன்னது சொன்னதுதான் கண்ணு."

"ஆமாங்க்கா."

நாற்காலியில் ஏறிப் பலகையைக் கழற்றினேன். அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தாறு நாள். இதற்கு முன் எதுவும் ஏழு நாளைத் தாண்டியதில்லை.

"பதினெட்டாந்தேதி ஏழு மணிக்கு வந்துரு," என்றார் அக்கா, பைக்குள் சாவியைத் தேடியபடி. "எட்டு மேஜைக்கு வேற என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு வா."

மூன்று யோசனை அப்போதே இருந்தது. ஒன்றில் கடைசி மேஜைக்குத் தனி இணைப்பு. வாயைத் திறந்தேன். "இப்ப வேண்டாம்," என்றார். "பொங்கல் முடியட்டும்."

ஈரத்துணியால் எட்டு மேஜைகளையும் துடைத்துவிட்டு, 4.40 பேருந்தில் ஏறினேன்.